கோழி வாயைப் பிளந்தால் கூட்டைப் பாருங்கள்: வெயில் ஊர்க் கூட்டின் கோளாறுகள்

நான் முதலில் கட்டிய கோழிக்கூடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலு பக்கமும் பலகை, மேலே தகரம், கொண்டி வைத்த கதவு, இரண்டு கை அகலத்துக்கு ஒரு ஜன்னல். நாய்க்கும் கீரிக்கும் பயந்து கட்டியது. கோடை வந்ததும் கோழிகள் அந்தி சாய்ந்த பிறகு உள்ளே போக மறுத்தன. கூட்டின் கூரைமேல் வரிசையாக ஏறி உட்கார்ந்துகொண்டன. நானும் விடாமல் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு, காலையில் எடுக்க மறந்த முட்டைக்காக உள்ளே தலையை விட்டேன். வெளியே காற்று சிலுசிலுவென்று இருக்கிறது, உள்ளே அடுப்பு மூடியைத் திறந்தாற்போல முகத்தில் அனல் அடிக்கிறது. கூரையில் உட்கார்ந்த கோழிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

வெயில் ஊரில் கோழிக்கு வேண்டியது ஒரு பெரிய குடையும், அதைச் சுற்றி ஒரு வலையும். மற்றதெல்லாம் அப்புறம். கீழே சொல்லும் கோளாறுகளில் முக்கால்வாசி, குடை சின்னதாகப் போனதாலோ, வலை இருக்க வேண்டிய இடத்தில் சுவர் வந்ததாலோ வருபவை. அறிகுறி கோழியில் தெரியும், பழுது கூட்டில் இருக்கும்.

சோதிக்க மூன்று பொருள் போதும்: ஒரு வெப்பமானி, ஒரு முழம் தையல் நூல், ஒரு டார்ச். வெப்பமானியைச் சுவரில் கண் உயரத்தில் மாட்டாதீர்கள். கோழியின் முதுகு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே கட்டுங்கள், வெயில் நேரடியாகப் படாமல். பார்க்க வேண்டிய நேரம் இரண்டு: பிற்பகல் மூன்று மணி, இரவு பத்து மணி. காலையில் பார்த்தால் எந்தக் கூடும் நல்ல கூடுதான்.

மதியத்தில் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பு வெப்பமே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சூட்டைத் தள்ள அதற்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான்: கொண்டையிலும் தாடியிலும் காலிலும் ரத்தம் ஓடவிட்டு ஆறுவது, இறக்கையைத் தூக்கி அடிப்பக்கத்தில் காற்று வாங்குவது, மூச்சிரைப்பது. காற்று 30 டிகிரியைத் தாண்டும்போது மூச்சிரைப்பு தொடங்கும். 35-க்கு மேல் அதற்குக் கஷ்டம். 38-ஐத் தொட்டு, காற்றில் ஈரப்பதமும் இருந்தால் சாவு விழும். அதிலும் முதலில் போவது நோஞ்சான் கோழி அல்ல, கொழுகொழுவென்று எடை போட்டதுதான்.

ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு, கண் சொருகி, கொண்டை வெளிறியோ நீலம் பாய்ந்தோ கிடந்தால் கூட்டைப் பற்றி யோசிக்க அது நேரமில்லை. நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வாளியில் சாதாரணத் தண்ணீர் எடுத்துக் காலும் நெஞ்சும் நனையும்வரை இறக்கிப் பிடியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தோலில் ரத்த ஓட்டம் சுருங்கி உள்சூடு உள்ளேயே நின்றுவிடும். அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டலாம், தொண்டையில் ஊற்றக் கூடாது. மற்ற கோழிகளைத் துரத்திப் பிடித்து நனைக்கவும் வேண்டாம். ஓடவிட்டால் அந்த ஓட்டமே சூடு ஏற்றும்.

அது தேறியதும் கூட்டுக்கு வாருங்கள். முதலில் தலைக்கு மேல் கையை நீட்டுங்கள். தகரத்தைத் தொட வேண்டாம், ஒரு ஜாண் கீழே உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். உள்ளங்கையில் சூடு இறங்குகிறதா? அப்படியானால் உங்கள் கூரை நிழல் தரவில்லை, தானே இரண்டாவது சூரியனாக இருக்கிறது. உச்சிவெயிலில் வெறும் தகரம் 60 டிகிரிக்கு மேல் போகும். அதன் அடிப்பக்கம் கோழியின் முதுகில் கதிராக அடிக்கும். காற்று எவ்வளவு வீசினாலும் அந்தக் கதிர் நிற்காது.

இதற்கு மலிவான வழி வெள்ளை அடிப்பது. கூரையின் மேல்பக்கம் சுண்ணாம்போ வெள்ளைப் பெயின்டோ அடித்தாலே அன்று மாலை வித்தியாசம் தெரியும். மழை கழுவிக்கொண்டு போகும், அதனால் ஒவ்வொரு கோடைக்கும் புதிதாக அடிக்க வேண்டும். அதைவிட நல்லது இரட்டைக் கூரை: தகரத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு அடுக்கு. அது கீற்றாக இருக்கலாம், நாணலாக இருக்கலாம், பழைய தகரமாகவும் இருக்கலாம். வெயிலை மேலடுக்கு வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். நிழல் வலையைத் தகரத்தின் மேல் ஒட்டப் போர்த்துவோர் உண்டு. இடைவெளி இல்லாவிட்டால் அதில் பாதிப் பலன்கூட இல்லை. கீற்றுக்குக் குளிர்ச்சி அதிகம், ஆனால் எலியும் பூச்சியும் குடியேறும், தீ பிடிக்கும், சில வருடத்தில் மாற்ற வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ போகாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கூரை சரியாக இருந்தும் இரைக்கிறது என்றால் நூலை எடுங்கள். கோழி உயரத்தில், கூட்டின் நடுவில் தொங்கவிட்டு விலகி நின்று பாருங்கள். மூன்று மணிக்கு வெளியே இலை அசையும்போது உள்ளே நூல் அசையாமல் நின்றால் காற்று உள்ளே வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் கூட்டில் இப்படித்தான் நடக்கும். வந்த காற்று போக எதிர்ப்பக்கத்தில் வழி வேண்டும். அடியில் ஒரு அடி உயரத்துக்கு மட்டும் அடைப்பு, அதற்கு மேல் கூரைவரை நீளவாட்டில் இரண்டு பக்கமும் வலை: இதுதான் வெயில் ஊரின் கணக்கு. சூடான காற்று மேலே ஏறும் என்பதால் கூரையின் உயர்ந்த விளிம்பில் ஒரு சாண் திறப்பு இருந்தால் புழுக்கம் அந்த வழியே வெளியேறும். இருபுறம் சரியும் கூரை என்றால் முகட்டில் இடைவெளி விட்டு, மழை இறங்காதபடி அதன்மேல் ஒரு தொப்பி.

கொஞ்சம் பெரிய கொட்டகை கட்டுபவர்களுக்கு: அகலம் 8, 9 மீட்டரைத் தாண்டினால் இயற்கைக் காற்று குறுக்கே கடந்து போகாமல் நடுவில் தேங்கும். இடம் வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டுங்கள்.

இன்னொன்று, வலை இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. ஒருமுறை இரண்டு பக்கமும் திறந்த என் கூட்டில் நூல் அசையவே இல்லை. வலையில் விரலை ஓட்டினால் தூசி, இறகுத்தூள், சிலந்திவலை எல்லாம் சேர்ந்து கம்பளிபோலப் படிந்திருக்கிறது. துடைப்பத்தால் இரண்டு இழு இழுத்தேன், நூல் ஆடத் தொடங்கிவிட்டது.

பிற்பகலில் எல்லாம் ஒரே மூலையில் நெருக்கியடித்து நிற்கின்றன

வெயில் உள்ளே வருகிறது என்று அர்த்தம். கோழிகள் மிச்சமிருக்கும் நிழலில் ஒதுங்கி, ஒன்றன் சூடு இன்னொன்றில் ஏறி, அந்த மூலையிலேயே வெந்துபோகும். காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் தாழ்வாக இருப்பவை, கூரையால் அவற்றைத் தடுக்க முடியாது. அதனால்தான் கூட்டின் நீளவாட்டு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போது வெயில் குறுகிய பக்கங்களில்தான் படும். மேற்குப் பக்கத்துக் குறுகிய சுவரை மட்டும் முழுதாக அடைத்துவிடலாம், நஷ்டமில்லை.

ஏற்கெனவே தெற்கு வடக்காகக் கட்டியாகிவிட்டதா? இடிக்க வேண்டாம். மேற்கே ஒரு மீட்டர் தள்ளிக் கம்பு நட்டு நிழல் வலையோ கொடிப் பந்தலோ போடுங்கள். கூட்டின் பக்கவலை மேலேயே ஒட்டக் கட்டினால் நிழலோடு காற்றும் போய்விடும். அந்த ஒரு மீட்டர் அதற்காகத்தான். கூரையையும் சுவரைத் தாண்டி மூன்று அடியாவது நீட்டிவிடுங்கள். தாழ்வாரம் வெயிலுக்கும் ஆகும், சாரலுக்கும் ஆகும்.

அந்தி சாய்ந்தும் கூட்டுக்குள் அடைய மறுக்கின்றன

இதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், வைத்தியம் வேறு. எனவே இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போங்கள்.

உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்து, வெப்பமானி வெளியைவிட மூன்று நாலு டிகிரி கூடக் காட்டினால் அது சுவரின் வேலை. செங்கல்லும் கான்கிரீட்டும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கக்கும். பகல் சூட்டைக் கோழி எப்படியோ தாங்கிவிடும், இரவில் ஆறுவதற்கு இடம் கிடைத்தால். அந்த ஆறுதல் இல்லாமல் நாள்கள் போனால் கொத்தாக விழலாம். கெட்டியான சுவரை உடைத்து வலையாக்குங்கள், முடியாவிட்டால் வெளிப்பக்கம் வெள்ளையடித்து நிழல் கொடுங்கள். உட்காரும் கம்புகளைச் சுவரிலிருந்து தள்ளிக் காற்றோட்டத்தில் போடுங்கள். குளிருக்குக் கோழிகள் ஒட்டி உட்காரும். வெயில் காலத்தில் ஒன்றுக்கு ஒரு அடி நீளக் கம்பு தேவை. கணக்குப் பார்த்தால் பல கூடுகளில் பாதிதான் இருக்கும்.

உள்ளே சூடு இல்லை, காற்றும் வருகிறது, இருந்தும் அடையவில்லை என்றால் கம்பைப் பாருங்கள். கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளால் அழுத்தித் துடையுங்கள். தாளில் ரத்தக் கோடு விழுந்தால் செள். இந்தச் சிவப்புச் செள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலில் கோழியின் மேல் தேடினால் கிடைக்காது. கம்பின் முனை, பலகை இடுக்கு, ஆணித்துளை ஆகியவற்றில் மிளகுத்தூள் கொட்டியதுபோல ஒளிந்திருந்து, இருட்டியதும் ஏறி ரத்தம் குடிக்கும். வெயில் காலத்தில் ஒரே வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது வந்துவிடும். கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, கோழி காரணமில்லாமல் இளைக்கும்போது நாம் தீனியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கம்புகளைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். கூட்டின் இடுக்குகளிலும் ஊற்றுங்கள், கோழிகள் வெளியே இருக்கும்போது. செள்ளின் முட்டைகள் தப்பிவிடும், அதனால் ஐந்து ஆறு நாள் கழித்து மறுபடி செய்ய வேண்டும், அதற்கடுத்த வாரமும் ஒருமுறை. பாதியில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மருந்து அடிப்பதாக இருந்தால் கோழிக்கு என்று அனுமதிக்கப்பட்டதா, முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் கம்பைச் சுவரில் செருகாமல் கழற்றக்கூடிய தாங்கியில் வையுங்கள். இடுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது. பளபளவென்று நெருக்கமாகப் பலகை அடித்த என் முதல் கூடு செள்ளுக்கு மாளிகையாக இருந்தது!

தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் குடிப்பதில்லை

விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கோழி தொடாது. முட்டையிடும் கோழி ஒன்று சாதாரண நாளில் கால் லிட்டர் அளவு குடிக்கும், வெயிலில் அது இரண்டு மடங்குக்கும் மேலே போகும். அந்த நேரம் பார்த்து வாய் வைக்க முடியாத தண்ணீர் இருந்தால் என்ன பலன். தொட்டி வெயிலில் இருக்கிறதா, கறுப்புக் குழாய் மண்ணுக்கு மேலே ஓடுகிறதா என்று பாருங்கள். தொட்டிக்கு நிழல், குழாய்க்கு மண், மதியம் ஒருமுறை பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவது. மண்பானை மாதிரி சுரக்கும் பாத்திரம் வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும். ஒரே ஒரு பாத்திரம் வைப்பதும் தவறு. வலுத்த கோழி அதன் பக்கத்திலேயே நின்றுகொள்ளும், மெலிந்தவை வெயிலைத் தாண்டி வராது. இரண்டு மூன்று இடத்தில், எல்லாம் நிழலில்.

முட்டை குறைகிறது, ஓடு மெலிகிறது, தோல்முட்டை வருகிறது

எல்லோரும் உடனே சுண்ணாம்புச் சத்து வாங்க ஓடுவார்கள். கிளிஞ்சல் தூள் வைப்பதில் தப்பில்லை. ஆனால் கோழி மதியமெல்லாம் மூச்சிரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், அதில் கார்பனேட் பங்கு அந்த வாயுவிலிருந்துதான் வர வேண்டும். கால்சியம் மட்டும் கொட்டினால் ஓடு கெட்டியாகாது. போதாக்குறைக்கு வெயிலில் கோழி தின்பதும் குறையும். ஆக இந்தக் கோளாறுக்கும் முதல் மருந்து மேலே சொன்ன கூரையும் காற்றும்.

தீனி நேரத்தை மாற்றினாலும் நல்ல பலன் தெரியும். செரிமானமும் சூடு கிளப்பும் வேலைதான். காலை ஒன்பது மணிக்கு வயிறு நிறையத் தின்றால் அந்தச் சூடு சரியாக உச்சிவெயிலில் வந்து சேரும். விடிகாலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்ததும் மிச்சம் என்று வையுங்கள். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை தீனித்தொட்டி காலியாக இருந்தால் பரவாயில்லை, தண்ணீர் மட்டும் ஒரு நிமிடம்கூடக் காலியாகக் கூடாது.

முட்டை குறையவில்லை, கண்ட இடத்தில் இடுகிறது என்றால் முட்டைப்பெட்டியில் கையை விடுங்கள். கூட்டின் மேற்குப் பக்கம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பெட்டி வெயிலில் சுடும். கோழி அதில் அரை மணி நேரம் உட்கார வேண்டும் அல்லவா? வடக்கோ கிழக்கோ மாற்றி, பின்பலகையின் மேல்விளிம்பில் நாலு துளை போடுங்கள்.

உள்ளே நுழைந்தால் மூக்கில் ஏறுகிறது, கண் எரிகிறது

அமோனியா. மனித மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடும், ஆகையால் காலையில் முதன்முதலாக நுழையும் நொடிதான் நம்பகமானது. அதுவும் குனிந்து கோழி உயரத்தில் மோந்து பாருங்கள். உங்களுக்குக் கண் எரிந்தால், இரவெல்லாம் அங்கேயே இருந்த கோழியின் மூச்சுக்குழாய் என்ன பாடுபட்டிருக்கும்.

தரையில் பரப்பிய கூளத்தில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் சரி. ஈரமென்றால் எங்கிருந்து என்று தேடுங்கள். பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் இருக்கும். வெயிலில் கோழி நிறையக் குடித்து நீராகக் கழியும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி, அடியில் கம்பித் தட்டோ ஜல்லியோ போட்டால் சிந்தல் பாதியாகும். நனைந்த கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். கோடையில் கூளம் இரண்டு அங்குலம் போதும். கனமாகப் போட்டால் அது மக்கும்போது அடியிலிருந்து சூடு கிளம்பும்.

நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவுவது பரவலான பழக்கம். எச்சம் கலந்த ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு பட்டால் காரம் ஏறி அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். காலியான கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது அடியுங்கள், கோழி உள்ளே இருக்கும்போது வேண்டாம். ஈரக் கூளத்தோடு குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தமும் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

விசிறியும் போட்டாயிற்று, தண்ணீர்த் தூவலும் போட்டாயிற்று, இன்னும் இரைக்கிறது

விசிறி காற்றைக் குளிர்விக்காது, கோழியின் மேலுள்ள சூட்டைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். கூரையைப் பார்த்துச் சுற்றும் விசிறியால் பயனில்லை, கோழி முதுகை உரசிப் போக வேண்டும். காற்றே 41 டிகிரியை நெருங்கிவிட்டால் வெறும் விசிறி அனலை வீசும்.

தூவல் வறண்ட காற்றுக்குச் சரியான ஆயுதம். கடற்கரைப் புழுக்கத்தில் அதுவே எதிரி. ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரம் ஏற்றினால், மூச்சிரைத்து ஆவியாக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறோம். சுலபமான சோதனை: நனைத்த துணி நிழலில் சீக்கிரம் காய்கிறதா? அப்படியானால் தூவல் போடலாம். காயவே மாட்டேன் என்கிறதா, தூவலை நிறுத்திவிட்டுத் தண்ணீரைக் கூரைமேல் விடுங்கள். கூரை குளிரும், ஈரம் வெளியிலேயே போய்விடும்.

காலையில் எண்ணினால் ஒன்று குறைகிறது

சுவரைத் திறந்துவிட்டால் வரும் பயம் இது. நான் முதல் கூட்டைப் பெட்டிபோலக் கட்டியதே இதற்காகத்தானே. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும், நாயை வெளியே வைக்க ஆகாது. பல்லால் கிழித்துவிடும். கீழிருந்து மூன்று அடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் போடுங்கள், அதற்கு மேலே நாய்க்குப் பெரிய கண் போதும். பெரிய எலி, கீரி அரை அங்குலத்தில் நுழையாது. குட்டிப் பாம்பு நுழையலாம். கால் அங்குலக் கண் அதையும் தடுக்கும், ஆனால் தூசியில் சீக்கிரம் அடைத்துக்கொண்டு காற்றை மறிக்கும், அதனால் அடியிலுள்ள அடைப்பை ஒட்டி மேலே ஒரு அடிக்கு மட்டும்.

தோண்டி வருவதற்கு மண்ணில் ஆழமாகப் புதைப்பதைவிட, வலையை வெளிப்பக்கம் தரையோடு ஒன்றரை அடி அகலத்துக்கு விரித்து மேலே கல்லோ மண்ணோ போடுவது சுலபம். தோண்டும் மிருகம் சுவரின் ஓரத்தில்தான் நகத்தை வைக்கும், கம்பி தட்டுப்பட்டால் ஒன்றரை அடி பின்வாங்கித் தோண்ட அதற்குத் தெரியாது. கதவுக்குச் சும்மா திருப்பும் கொண்டி போதாது. தூக்கித் திருப்பினால்தான் திறக்கும்படி வையுங்கள்.

மழையில் சாரல் உள்ளே அடிக்கிறது

வலைப்பக்கத்துக்குப் படுதா. அதை மேலே கட்டிக் கீழே இறக்காதீர்கள். அடியில் கட்டி மேல்நோக்கி இழுக்கும்படி வையுங்கள். அப்போது சாரல் படும் உயரம்வரை மூடினாலும் மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும், இரவெல்லாம் மழை பெய்தாலும் உள்ளே புழுங்காது. கயிற்றின் முடிச்சை மட்டும் கைக்கெட்டும் இடத்தில், தாழ்வாரத்துக்கு அடியில் போடுங்கள். நடுராத்திரி மழையில் நனைந்துகொண்டு அதைத் தேட வேண்டியிருக்காது.